பருவகால வாசிப்பு சவால் பாதியில் நிற்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யுங்கள்

ஒரு பருவத்துக்கு ஒரு கருப்பொருள், அதற்குள் இத்தனை புத்தகம் என்று வட்டமாகச் சேர்ந்து வாசிப்பதுதான் பருவகால வாசிப்பு சவால். இதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வாசகர் வட்டத்தில் தெரிகிற அறிகுறி எதுவோ, நேரே அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒரு வேலையை மட்டும் எல்லோரும் முதலில் செய்துவிடுங்கள்: சவாலைத் தொடங்கிய நாளில் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பைத் தேடி எடுத்து எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். "நம்ம ஆளுங்களுக்குப் படிக்கிற பழக்கமே போயிடுச்சு" என்ற புலம்பலை அதைப் படித்துப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: முதல் வாரம் அமர்க்களம், மூன்றாம் வாரம் மயான அமைதி

அடிக்கடி வருவதும் எளிதில் தீர்வதும் இதுதான்.

முதலில் கால அளவைப் பாருங்கள். ஆங்கில வாசிப்பு சவால்களின் வழக்கப்படி வருடத்தை நான்காக வெட்டி, மூன்று மூன்று மாதமாக வைத்திருப்பீர்கள். மூன்று மாதம் அதிகம். முதல் மாதம் 'இன்னும் நேரம் இருக்கே' என்று போகும், இரண்டாம் மாதம் மறந்துபோகும், மூன்றாம் மாதம் குற்ற உணர்ச்சியில் குழுவையே மியூட் செய்துவிடுவார்கள். நமக்குக் கையிலேயே வேறு கணக்கு இருக்கிறது. பெரும்பொழுது ஆறு, ஒவ்வொன்றும் இரண்டு மாதம்: ஆவணி, புரட்டாசி கார், ஐப்பசி, கார்த்திகை கூதிர், மார்கழி, தை முன்பனி, மாசி, பங்குனி பின்பனி, சித்திரை, வைகாசி இளவேனில், ஆனி, ஆடி முதுவேனில். இரண்டு மாதம் என்றால் ஏறக்குறைய எட்டு ஞாயிற்றுக்கிழமை. அந்த நீளம் சரியாக இருக்கிறது.

அதற்காக ஆறு பருவத்துக்கும் சவால் வைத்துவிடாதீர்கள். வருடத்துக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு. பின்பனியைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடலாம். மாசி, பங்குனியில் பிளஸ் டூ, பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்கும். பிள்ளை படிக்கும் வீட்டில் பெற்றோரும் ஆசிரியரும் வேறு எதையும் தொடமாட்டார்கள். வங்கியிலும் கணக்குப் பிரிவிலும் இருப்பவர்களுக்கு மார்ச் 31 தாண்டினால்தான் மூச்சு. அந்த நேரத்தில் தொடங்கிவிட்டு ஆள் வரவில்லையே என்று வருந்துவதில் அர்த்தமில்லை.

அடுத்து இலக்கு. 'எட்டு வாரம், எட்டுப் புத்தகம்' என்பது போஸ்டரில் அழகாக இருக்கும். வேலைக்குப் போய்வந்து சமையலையும் பார்க்கிற ஒருவர் அதைப் பார்த்த நிமிடமே மனதுக்குள் விலகிவிடுவார், வெளியே சொல்லமாட்டார். மூன்று படி வையுங்கள். மழைக்காலச் சவால் என்றால் தூறல் ஒரு புத்தகம், மழை மூன்று, அடைமழை ஐந்து. யார் எந்தப் படி என்பதை அவரவரே தேர்ந்துகொள்ளட்டும், நடுவில் ஏறவோ இறங்கவோ அனுமதியுங்கள். நிறைவுக் கூட்டத்தில் தூறல்காரருக்கும் அடைமழைக்காரருக்கும் ஒரே கைதட்டல் என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து தொடங்க ஒரு சின்னஞ்சிறு வாசிப்பு இருக்கிறதா? கார் காலத்துக்கு என் தேர்வு முல்லைப்பாட்டு. பத்துப்பாட்டிலேயே மிகச் சிறியது, 103 அடிதான். உரையோடு வைத்துக்கொண்டாலும் ஒரு மாலைப்பொழுது போதும். கூதிருக்கு நெடுநல்வாடை, 188 அடி. குளிரில் மந்தி ஒடுங்குகிறது, மரத்தில் உட்கார்ந்த பறவை விழுகிறது, பால் குடிக்க வரும் கன்றைத் தாய்ப் பசு உதறுகிறது. முதல் பத்துப் பதினைந்து அடிக்குள்ளேயே ஸ்வெட்டர் தேடவைக்கும். சங்க இலக்கியம் என்றதும் பரீட்சை ஞாபகம் வந்து முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் உரையை மட்டும் கதை போல வாசித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், போதும். முதல் வாரத்திலேயே ஒன்றை முடித்துவிட்டோம் என்ற தெம்பு கிடைத்தால் அடுத்ததைத் தானாக எடுப்பார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நடுவில் அமைதியாகிறது என்றால், நீங்கள் கேட்கும் கேள்வியில் தவறு. "யார் யார் எத்தனை முடிச்சீங்க?" என்று கேட்டால் முடித்தவர் மட்டும்தான் பேச முடியும். நான்காவது ஞாயிறு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இப்ப எந்தப் பக்கத்துல இருக்கீங்க, அங்க என்ன நடக்குது?" நாற்பதாம் பக்கத்தில் நிற்பவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். "அலமாரியிலதான் இருக்கு, தூசி தட்டிட்டு இருக்கேன்" என்று ஒருவர் எழுதுவார். அதுவும் பேச்சுதான், அதற்கும் ஒரு பதில் போடுங்கள்.

அறிகுறி: "இது மழைப் புத்தகமே இல்ல சார்"

கருப்பொருளில் சண்டை. குழுவில் இரண்டு நாள் ஓடும், பிறகு இரண்டு பேர் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

மூலகாரணம் ஒன்றுதான்: கருப்பொருளை ஒற்றைச் சொல்லாக விட்டிருப்பீர்கள். 'மழை', 'வெயில்', 'பயணம்' என்று. ஒற்றைச் சொல் தலைப்பைத்தான் பிடிக்கும். கோடைச் சவாலுக்குப் பூமணியின் 'வெக்கை'யை ஒருவர் எடுத்துவருவார். தலைப்பு வெயிலைச் சொல்கிறது, ஆனால் கதை ஒரு கொலைக்குப் பிறகு தகப்பனும் மகனும் கரிசல் காட்டில் மறைந்து திரிவதைப் பற்றியது. சேருமா? சேரும் என்பது என் கட்சி, அந்த வெக்கை பக்கத்துக்குப் பக்கம் உடம்பில் படுகிறது. மழைக்காலச் சவாலுக்கு 'புயலிலே ஒரு தோணி' வந்தால்? பா. சிங்காரம் எழுதியது இரண்டாம் உலகப் போர்க் காலத் தென்கிழக்கு ஆசியத் தமிழர்களை. தலைப்பை நம்பி எடுத்தவர் மெடானிலும் பினாங்கிலும் அலைந்துவிட்டு, "மழை எங்கே?" என்று கேட்பார். புத்தகம் அருமையானது, மழைக்காலக் கணக்கில் வைப்பதுதான் கொஞ்சம் இழுவை.

தீர்வு, கருப்பொருளைக் கேள்வியாக மாற்றுவது. 'வெயில்' என்று வைக்காமல், 'வெயில் யாருக்குச் சோறு போடுகிறது, யாருடைய சோற்றைப் பறிக்கிறது?' என்று வையுங்கள். உடனே அலமாரி வேறு மாதிரி தெரியும். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' உள்ளே வரும். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிக்கு வெயிலேதான் பிழைப்பு, வெயிலேதான் வதை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' வரும். சென்னையில் ஒரு தெருவே குடத்தோடு குழாயடியில் அல்லாடும் கதை, மெலிந்த புத்தகம், தூறல்காரர்களுக்கும் ஏற்றது. உப்பளக்காரருக்குச் சோறு போடுகிற வெயில் குழாயடிப் பெண்களுக்கு என்னவாக இருக்கிறது என்று ஒரே கூட்டத்தில் பேசலாம். ஒற்றைச் சொல் வைத்திருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்காது.

நடுவர் வேலையையும் யாரும் பார்க்க வேண்டாம். 'இந்தப் புத்தகம் ஏன் இந்தப் பருவத்துக்கு என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் சேரும்' என்பதே விதி. இரண்டு வாக்கியம் வரவில்லை என்றால் அவரே வேறு எடுத்துக்கொள்வார்.

எதிர்ப் பக்கத்துக் கோளாறும் உண்டு, கருப்பொருள் மிகவும் குறுகிப்போவது. 'ஜல்லிக்கட்டுப் புத்தகங்கள்' என்று பொங்கலுக்கு வைத்தால், சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' ஒரே அமர்வில் முடியும், பிரமாதம். அப்புறம்? எல்லோரும் அடுத்த வாரம் தலையைச் சொறிவார்கள். 'மனிதனும் மாடும்' என்று விரித்திருந்தால் முல்லை நிலப் பாடல்களிலிருந்து இன்றைய கட்டுரைகள் வரை இடம் இருக்கும். அறிவிக்கும் முன் ஒரு சோதனை: கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரத்தில் பத்துப் புத்தகம் எழுத முடிகிறதா? அதில் கவிதை ஒன்றாவது, கட்டுரை நூல் ஒன்றாவது, நூறு பக்கத்துக்கு உட்பட்டது இரண்டாவது இருக்கிறதா? எழுத முடியவில்லை என்றால் கருப்பொருளை அகலமாக்குங்கள். (பொருத்தம் பார்த்துப் பார்த்து ஒரு வட்டத்தில் 'குறிஞ்சி பூக்கும் பருவம்' என்று வைக்கப் பார்த்தார்கள். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். அடுத்த சவாலுக்கு நல்ல ஓய்வு கிடைத்திருக்கும்.)

அறிகுறி: ஆர்வம் இருக்கிறது, புத்தகம் கைக்கு வரவில்லை

"ஆர்டர் போட்டேன், இன்னும் வரல", "பதிப்பே இல்லையாம்", "லைப்ரரில யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க." இந்த மூன்று வாக்கியமும் குழுவில் தென்பட்டால் நீங்கள் அறிவித்த தேதி தவறு. சவால் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்னதாகப் பட்டியல் வெளிவர வேண்டும்.

பட்டியலில் ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று ஒரு சொல் போடுங்கள்: நூலகம், கடை, இணையம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை இலவசமாகவே படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏராளமாக இருக்கின்றன. 1998 பொங்கலில் தொடங்கிய இலவச மின்னூல் தொகுப்பான மதுரைத் திட்டத்திலும் சங்க இலக்கியம் முதல் கல்கி வரை கிடைக்கும். பட்டியலில் மூன்றில் ஒரு பங்காவது இந்த வகையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் சவால் என்ற பெயரில் மாதாமாதம் ஆயிரம் ரூபாய்ச் செலவு வைக்கிறீர்கள் என்று அர்த்தம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டே சிலர் ஒதுங்கிவிடுவார்கள்.

பருவத்தைப் புத்தகக் காட்சியோடு இணைத்தால் பாதிப் பிரச்சினை தானாகப் போகும். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருகிறது, ஈரோட்டில் ஆடி வாக்கில். முன்பனிச் சவாலை மார்கழி முதல் நாள் தொடங்காமல் காட்சி முடிந்த மறுநாள் தொடங்கினால் எல்லோர் கையிலும் புதுப் புத்தகம் இருக்கும். பஞ்சாங்கம் கோபித்துக்கொள்ளாது.

கிளை நூலகத்தில் ஒரே பிரதிதான் இருக்கிறது என்றால் ஆளுக்கு ஒரு வாரம் என்று சுற்றுக்கு விடுங்கள். முதலில் வாசிப்பவர் வேகமானவராக இருக்கட்டும், அவ்வளவுதான்.

அறிகுறி: ஒரே ஆள் முன்னே ஓடுகிறார், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்

ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவர் இருப்பார். மாதம் இருபது புத்தகம். அவர் மேல் தப்பே இல்லை, எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தது நீங்கள்தான்.

எண்ணிக்கை வைத்தால் இன்னொரு வழக்கும் வரும். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். ஒரு புத்தகமா, ஐந்தா? ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வரும் காட்சியோடுதானே தொடங்குகிறது, ஆடிச் சவாலுக்கு இதைவிடப் பொருத்தம் வேறு இல்லை என்று நாலு பேர் எடுத்துவிடுவார்கள். ஒன்று என்று கணக்கிட்டால் அவர்கள் கோபிப்பார்கள், ஐந்து என்றால் மற்றவர்கள் கோபிப்பார்கள். பக்கக் கணக்குக்கு மாறினால் கவிதை வாசிப்பவர் நஷ்டப்படுவார்.

கட்டத்துக்கு மாறுங்கள். மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம், பிங்கோ மாதிரி. ஆடிக்கு என்றால் ஒரு கட்டம் ஆறு ஓடும் கதை, ஒன்று அம்மன் வழிபாட்டையோ நாட்டார் தெய்வத்தையோ பற்றிய ஆய்வு, ஒன்று உழவு, ஒன்று உங்கள் ஊர்க்காரர் எழுதியது, ஒன்று உங்களைவிட இருபது வயது மூத்தவர் பரிந்துரைத்தது. ஒரு புத்தகத்துக்கு ஒரு கட்டம்தான். குறுக்கிலோ நெடுக்கிலோ மூன்று நிரம்பினால் முடித்தவர். மாதம் இருபது படிப்பவரும் ஒன்பதோடு நிற்பார். மீதி நேரத்தில் மற்றவர்களுக்குப் புத்தகம் பரிந்துரைக்கச் சொல்லுங்கள், அதில்தான் அவருக்கு உண்மையான சந்தோஷம். மூத்தவர் பரிந்துரைக் கட்டம் விளையாட்டாகத் தெரியும், ஆனால் அத்தையிடமும் தாத்தாவிடமும் போய் "நீங்க அந்தக் காலத்துல என்ன படிச்சீங்க?" என்று கேட்கவைப்பது அதுதான்.

பரிசு வேண்டுமா? புத்தகமே கொடுங்கள், குலுக்கல் முறையில். முதலிடம் என்ற ஒன்றே வேண்டாம்.

அறிகுறி: படித்தாரா, பின்னட்டையை மட்டும் பார்த்தாரா?

விமர்சனம் என்று வருவதெல்லாம் ஒரே அச்சில் இருக்கும்: "வாழ்வின் யதார்த்தத்தை நெகிழ்ச்சியோடு படம்பிடித்துக் காட்டும் நாவல்." பின்னட்டை வாசகமாக இருக்கலாம், செயலி எழுதிக்கொடுத்ததாகவும் இருக்கலாம். துப்பறியக் கிளம்பாதீர்கள், வட்டம் உடைந்துபோகும்.

விமர்சனம் கேட்பதை நிறுத்திவிட்டு மூன்று வரி கேளுங்கள். எந்தப் பக்கத்தில் மூடிவைத்துவிட்டு யோசித்தீர்கள்? யாரோடு உங்களுக்குச் சண்டை? எதைத் தாண்டிக் குதித்தீர்கள்? கடைசிக் கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வரும். 'அந்தக் கல்யாணப் பந்தி வர்ணனையை அப்படியே விட்டுட்டேன்' என்று ஒருவர் எழுதியதும், இன்னொருவர் "ஐயோ அதுதானே உயிரே!" என்று பாய்வார். அப்புறம் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

அறிகுறி: மார்கழி என்றதும் சிலர் சத்தமில்லாமல் விலகுகிறார்கள்

திருப்பாவையில் முப்பது பாசுரம், மார்கழிக்கு நாளுக்கு ஒன்று. தமிழில் இதைவிடக் கச்சிதமான தினசரி வாசிப்புத் திட்டம் கிடையாது. ஆனால் அது மட்டுமே சவால் என்றால் வேறு நம்பிக்கை உள்ளவர்களும் நம்பிக்கை இல்லாதவர்களும் வாசலில் நின்றுவிடுவார்கள், காரணமும் சொல்லமாட்டார்கள்.

அதன் அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நாளுக்கு ஒன்று, விடியலில், ஐந்து நிமிடம். எதை வாசிப்பது என்பது அவரவர் விருப்பம். திருப்பாவை வேண்டுபவருக்குத் திருப்பாவை. இன்னொருவருக்குக் குறுந்தொகையில் நாளுக்கு ஒரு பாட்டு. இன்னொருவருக்குக் குறளில் மூன்று அதிகாரம், அதுவும் சரியாக முப்பது. காலை ஏழு மணிக்குள் அவரவர் வாசித்ததில் பிடித்த ஒரு வரியைக் குழுவில் போட வேண்டும். இதே அமைப்பு தீபாவளி வாரத்துக்கும் பொருந்தும். அந்த நேரத்தில் யாரும் நாவல் தொடமாட்டார்கள், தீபாவளி மலரில் நாளுக்கு ஒரு சிறுகதை என்றால் பலகாரம் சுடும் இடைவெளியில்கூட நடக்கும். வீட்டுப் பரணில் பழைய மலர் இருந்தால் இன்னும் நல்லது. விளம்பரங்களே தனி வாசிப்பு.

அறிகுறி: "இங்க மைனஸ் பத்து, நீங்க கோடைப் புத்தகம்னு சொல்றீங்க"

வெளிநாட்டில் இருக்கும் உறுப்பினர்களின் புகார். டொராண்டோவில் பனி, சிட்னியில் டிசம்பரில் கொளுத்தும் வெயில். அவ்வளவு தூரம் போவானேன், தென்காசிக்காரருக்கு ஆனி, ஆடியில் சாரல்; சென்னைக்காரர் மழைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும்.

வாசகரின் ஜன்னலுக்கு வெளியே உள்ள பருவத்தை விட்டுவிட்டு, புத்தகத்துக்குள் இருக்கும் பருவத்தைக் கணக்கில் எடுங்கள். முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் பின்பனியும் என்று தொல்காப்பியம் நிலத்தோடு பொழுதைச் சேர்த்தே வைத்திருக்கிறது. 'பாலைச் சவால்' என்று அறிவித்தால் பிரிவும் வறட்சியும் பயணமும் உள்ளே வந்துவிடும். பனியில் உட்கார்ந்து ஊரைப் பிரிந்த கதையைப் படிக்க டொராண்டோக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அறிகுறி: கூகுள் ஷீட்டை யாரும் நிரப்புவதில்லை

அந்த ஷீட்டை உங்கள் கைபேசியில் திறந்து பாருங்கள், கணினியில் இல்லை. பெயர், நூல், ஆசிரியர், பதிப்பகம், தொடங்கிய தேதி, முடித்த தேதி, பக்கம், நட்சத்திரம், கருத்து. ஐந்தாவது பத்திக்குப் போவதற்குள் பெயர் இடது பக்கம் மறைந்துவிடும், யாருடைய வரியில் எழுதுகிறோம் என்றே தெரியாது. அறுபது தாண்டிய ஒருவர் ஒருமுறை தவறுதலாக அடுத்தவர் வரியை அழித்துவிட்டால், பிறகு அந்தப் பக்கமே வரமாட்டார்.

மூன்று பத்தி போதும்: பெயர், நூல், பிங்கோ கட்டம். அதையும் உறுப்பினர்கள் தொட வேண்டாம். அட்டையைப் படம் எடுத்துக் குழுவில் போடுவதோ குரல் பதிவு அனுப்புவதோ அவர்கள் வேலை. ஞாயிறு இரவு ஒருவர் உட்கார்ந்து ஏற்றிவிடலாம். அந்த ஒருவர் ஒவ்வொரு பருவத்துக்கும் மாற வேண்டும். ஒரே அட்மின் வருடக்கணக்கில் செய்தால் அவர் படிப்பதையே நிறுத்திவிடுவார், இதை நிறைய வட்டங்களில் பார்க்கலாம்.

சில்லறைக் கோளாறுகள்

முடிவைச் சொல்லிக் கெடுக்கிறார்கள்: 'கடைசி ஐம்பது பக்கம்' என்று தனிக் குழு ஒன்று தொடங்கி, முடித்தவர்களை மட்டும் சேருங்கள்.

காலை வணக்கப் படங்கள் குழுவை மூழ்கடிக்கின்றன: சவால் நடக்கும் எட்டு வாரத்துக்குத் தனிக் குழு, முடிந்ததும் கலைத்துவிடுங்கள்.

நிறைவுக் கூட்டத்துக்கு ஆள் வரவில்லை: கடைசி நாளில் வைத்திருப்பீர்கள். ஒரு வாரம் தள்ளி வையுங்கள். அந்த வாரத்தில்தான் பலர் கடைசிக் கட்டத்தை அவசர அவசரமாக நிரப்புவார்கள். முடிக்காதவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "முடிக்கலைனாலும் வாங்க, டீ இருக்கு" என்று தனிச்செய்தி அனுப்பினால் வருவார்கள். அடுத்த பருவத்தின் கருப்பொருளை அந்தக் கூட்டத்தில் முடிவு செய்யாதீர்கள், உற்சாகத்தில் பத்துப் புத்தக இலக்கு வைத்துவிடுவார்கள். மூன்று வாரம் ஆறவிட்டு, வாக்கெடுப்பைக் குழுவில் போடுங்கள்.